மகாவீராசாரியர் கோத்த எண்மாலை

எழுத்துக்குச் சமணச் சான்றோர் ஆற்றிய தொண்டினைத் தமிழுலகம் நன்கறியும். இலக்கணம் என்றதும் நன்னூலார் பவணந்தி முனிவர் நினைவுக்கு வருகிறார். எண்ணுக்கு அச்சான்றோர் ஆற்றிய தொண்டோ அந்த அளவிற்கு நம் இல்லங்களில் பேசப்படுவதில்லை. எண்ணையும் எழுத்தையும் இணைபிரியாமல் போற்றும் மரபில் வந்த நமக்கு இஃது ஒரு குறையே. அக்குறையைச் சிறிதேனும் போக்கும் பொருட்டு, இருபத்து நான்காம் தீர்த்தங்கரரின் திருப்பெயரையே தம் பெயராகத் தாங்கி, கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கணிதப் பேராசான் மகாவீராசாரியரின் வரலாற்றை இவ்விழா மலரில் சொல்ல விழைகிறேன். அவர் நமக்கு விட்டுச் சென்ற ஒரு பேரெண்ணின் வழியாகவே அவரை அணுகுவோம். அந்த எண் 12345654321.

ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு கோடியே ஐம்பத்தாறு இலட்சத்து ஐம்பத்து நான்காயிரத்து முந்நூற்று இருபத்தொன்று என்று இதனைப் படிக்க வேண்டும். ஒன்றில் தொடங்கி ஆறு வரை படிப்படியாக ஏறி, மீண்டும் அவ்வாறே ஒன்றுக்கு இறங்கி முடிகிறது. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் வேறுபாடு இல்லை. முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் செய்யுளைத் தமிழ்ப் புலவர் மாலைமாற்று என்பர். மகாவீராசாரியர் எண்ணில் அமைத்ததும் அத்தகைய ஒரு மாலைமாற்றே ஆகும்.

ஆசாரியர் வாழ்ந்த காலம் தக்காணத்தில் இராட்டிரகூடப் பேரரசர் அமோகவர்ஷர் ஆட்சி புரிந்த காலம். கி.பி. 814இல் இளம் பருவத்திலேயே அரியணை ஏறிய அவ்வரசர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். நிருபதுங்கர் என்பது அவருடைய விருதுப் பெயர்களுள் ஒன்று. இன்று கருநாடக மாநிலத்தின் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என வழங்கும் மானியகேடமே அவருடைய தலைநகரம். கன்னட மொழியில் இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழமையானதாகிய கவிராஜமார்க்கம் அவர் அவையில் தோன்றியது. ஆதிபுராணம் பாடிய ஜினசேனாசாரியர் அவருக்கு ஞானகுருவாக விளங்கினார். சாகடாயனர் தாம் செய்த இலக்கணத்திற்குத் தாமே எழுதிய உரைக்கு அரசர் பெயரால் அமோகவிருத்தி என்று பெயர் சூட்டினார். ஆகமமும் காவியமும் இலக்கணமும் ஒருங்கே தழைத்த அந்தச் சூழலில் கணிதத்திற்கு ஒரு தனி நூல் செய்தவர் நம் ஆசாரியர்.

அந்நூலின் பெயர் கணிதசாரசங்கிரகம். அது கி.பி. 850ஆம் ஆண்டையொட்டி வடமொழிச் செய்யுளில் இயற்றப்பெற்றது. தொடக்கத்தில் ஆசாரியர் மகாவீர ஜினேந்திரரை வணங்குகிறார். எண்ணறிவையே ஒளிவிளக்காகக் கொண்டு உலகனைத்தையும் விளங்கச் செய்தவர் என அப்பெருமானைப் போற்றுகிறார். அடுத்து அமோகவர்ஷரை வாழ்த்துகிறார். தம்முடைய பெற்றோரையோ பிறந்த ஊரையோ பற்றி அவர் எதுவும் எழுதி வைக்கவில்லை. முன்னோர் வழிவழியாகக் காத்த கணிதக் கடலிலிருந்து சிறிதளவு சாரத்தைத் தொகுத்துத் தருவதாக அடக்கத்துடன் கூறிவிட்டு நூலுக்குள் நுழைந்துவிடுகிறார். ஆகவே அவர் வாழ்க்கையை அவர் நூலிலேயே தேடிக் காண வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம்.

கணிதத்தின் பயனை அவர் விரித்துரைக்கும் பகுதி அவருடைய உள்ளத்தைக் காட்டுகிறது. உலகியல் வழக்குகளிலும் சமய நெறிகளிலும் கணக்கு வேண்டும். இசைக்கும் கூத்துக்கும் வேண்டும். சமையலுக்கும் மருத்துவத்திற்கும் கட்டடக் கலைக்கும் வேண்டும். யாப்புக்கும் இலக்கணத்திற்கும் வேண்டும் என அடுக்குகிறார். ஆரியபடரும் பிரம்மகுப்தரும் கணிதத்தை வானநூலின் பகுதியாக வைத்து எழுதியவர்கள். மகாவீராசாரியரோ கோள்களின் இயக்கத்தைத் தொடாமல், கணக்கை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒன்பது அத்தியாயங்களில், ஆயிரத்து நூறு செய்யுட்களுக்கு மேல் எழுதினார். கலைச்சொற்கள், அடிப்படைச் செயல்கள், பின்னங்கள், பல்வகைப் பின்னக் கணக்குகள், மூன்றன் விதி, கலப்புக் கணக்குகள், பரப்பளவு, அகழ்வுக் கணக்கு, நிழற்கணக்கு என அவை அமைந்துள்ளன.

பேரெண்களைக் கண்டு அஞ்சாத மரபில் வந்தவர் அவர். காலத்தை அளக்கச் சமண ஆகமங்கள் கையாண்ட சீர்ஷப்பிரகேலிகை என்னும் எண் 194 இலக்கங்களை உடையது. எண்பத்து நான்கு இலட்சத்தை இருபத்தெட்டு முறை எழுதி, அவ்வளவையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண் அது. இவ்வாறு விரிந்த எண்ணுலகில் வழி தவறாமல் செல்ல இடப்பெயர்கள் தேவை. மகாவீராசாரியர் ஒன்று, பத்து, நூறு எனத் தொடங்கி இருபத்து நான்கு இடங்களுக்குப் பெயர் தருகிறார். கடைசி இடமாகிய மகாக்ஷோபம் என்பது ஒன்றின் பின் இருபத்து மூன்று சுழியங்கள் கொண்டது. இருபத்து நான்கு என்னும் தொகை நமக்குத் தீர்த்தங்கரர்களை நினைவூட்டுகிறது. அவ்வொப்புமையை எண்ணி மகிழலாம். அதற்கு மேல் பொருள் ஏற்ற வேண்டியதில்லை.

செய்யுளில் எண்களை எழுதும்போது, இலக்கங்களுக்கு ஈடாகப் பொருட்பெயர்களைச் சொல்வது அக்கால வழக்கம். நிலவு என்றால் ஒன்று. கண் என்றால் இரண்டு. கடல் என்றால் நான்கு. ஆசாரியர் இவ்வழக்கில் சமண நெறியின் சொற்களையும் இயல்பாகச் சேர்த்துக் கொண்டார். மணி என்றால் அவருக்கு மூன்று. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை அது குறிக்கும். தத்துவம் என்றால் ஏழு. வினை என்றால் எட்டு. இம்முறையில் ஒன்றாம் இடத்தில் தொடங்கி இடப்பக்கமாக இலக்கங்களை வைத்துக்கொண்டே போக வேண்டும். ஆகவே செய்யுளைக் கேட்கும் மாணவன் முதலில் கடைசி இலக்கத்தை எழுதுவான். இறுதியில்தான் எண்ணின் முழு உருவத்தையும் காண்பான்.

பெருக்கல் கணக்குகளை அவர் தொடங்கும் முறை அழகானது. ஒவ்வொரு ஜினாலயத்திற்கும் எட்டுத் தாமரை மலர்கள் வீதம் 144 ஆலயங்களுக்கு எத்தனை மலர்கள் என்பது எளிய கணக்கு. விடை 1152. பின்னர் ஓர் ஆலயத்திற்கு 139 புட்பராக மணிகள் வீதம் 109 ஆலயங்களுக்கு எத்தனை மணிகள் என்று வினவுகிறார். பெருக்கிப் பார்க்கும் மாணவனுக்கு 15151 என்னும் விடை கிடைக்கிறது. இருபுறமும் ஒத்த எண்! மணிகளைக் கணக்கிட்டவன் கையில் எண்களே மணிகளாகக் கோக்கப்பட்டு ஒரு சிறு மாலை வந்து சேர்கிறது. ஆசிரியப் பணியில் பல்லாண்டுகள் இருந்த எனக்கு இவ்விடம் மிகவும் உவப்பானது. விடை சரியா என்று ஆசிரியரிடம் ஓடி வந்து கேட்க வேண்டாதபடி, விடையின் அழகே மாணவனுக்குச் சான்று கூறிவிடுகிறது.

அடுத்து வரும் கணக்குகளில் ஒன்றுதான் நம் பேரெண்ணைத் தருவது. ஒன்றாம் இடத்திலிருந்து முறையே 1, 8, 6, 4, 9, 9, 7, 2 என்னும் இலக்கங்களை எழுதி, அவ்வெண்ணை 441ஆல் பெருக்கச் சொல்கிறார். அவ்வாறு எழுதினால் 27994681 என்னும் எண் அமையும். பார்வைக்கு அதில் எந்த ஒழுங்கும் இல்லை. ஆசாரியர் கூறும் பெருக்கல் முறைகளுள் ஒன்றுக்குக் கபாடசந்தி என்று பெயர். கதவும் நிலையும் இணையும் இடம்போல, பெருக்கும் எண்ணைப் பெருக்கப்படும் எண்ணோடு பொருத்தி, இடம் இடமாக நகர்த்திச் செய்வது அம்முறை. நாம் பள்ளியில் கற்ற முறையிலும் செய்யலாம். 400ஆல் பெருக்கினால் 11197872400. 40ஆல் பெருக்கினால் 1119787240. ஒன்றால் பெருக்கினால் அதே 27994681. மூன்றையும் கூட்டினால் 12345654321. ஒழுங்கற்ற இலக்கங்களிலிருந்து ஏறி இறங்கும் மாலை தோன்றிவிடுகிறது.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? 441 என்பது 21இன் வர்க்கம். 27994681 என்பது 5291இன் வர்க்கம். 21ஐயும் 5291ஐயும் பெருக்கினால் 111111. எனவே ஆசாரியர் கேட்ட கணக்கு, ஆறு ஒன்றுகளால் ஆன எண்ணை அதே எண்ணால் பெருக்கும் கணக்கேயாகும். 111111ஐ 111111ஆல் பெருக்கத் தாளில் ஆறு வரிசைகள் எழுதுகிறோம். ஒவ்வொரு வரிசையிலும் ஆறு ஒன்றுகள். ஒவ்வொரு வரிசையும் ஓரிடம் தள்ளி அமைகிறது. மேலிருந்து கீழாகக் கூட்டும்போது முதல் இடத்தில் ஓர் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பின்னர் மூன்று என ஏறி, நடுவிடத்தில் ஆறு ஒன்றுகள் கூடி, மறுபுறம் அவ்வாறே குறைகின்றன. எங்கும் கூட்டுத்தொகை பத்தை எட்டாமையால் மிச்சம் அடுத்த இடத்திற்குப் போவதில்லை. ஆகவே உருவம் கலையாமல் நிற்கிறது. ஆறு வரிசைகளிலும் நாம் எழுதிய ஒன்றுகள் மொத்தம் 36. பேரெண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். அதே 36 வரும்.

இவ்வெண்ணின் உள்ளமைப்பும் ஆராயத்தக்கது. 111111 என்பது 3, 7, 11, 13, 37 என்னும் ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். ஆகவே நம் பேரெண்ணில் இவ்வைந்தும் இருமுறை அமைந்துள்ளன. ஆசாரியர் இந்த ஐந்தில் மூன்றையும் ஏழையும் 441க்குள் வைத்தார். பதினொன்று, பதின்மூன்று, முப்பத்தேழு ஆகிய மூன்றையும் மற்றை எண்ணுக்குள் வைத்தார். ஒரு காரணியை அமைக்கும்போது ஒவ்வொரு பகா எண்ணையும் எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று வழிகள் இருப்பதால், மூன்றை ஐந்து முறை எழுதிப் பெருக்கினால் வரும் 243 என்பதே இப்பேரெண்ணின் காரணிகளது தொகை. ஆயிரம் கோடியைக் கடந்த ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை என்பதை, வகுத்தே பாராமல் இவ்வாறு சொல்லிவிட முடிகிறது.

ஒன்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மாலையும் வளரும். ஒன்பது ஒன்றுகளின் வர்க்கம் 12345678987654321. பத்து ஒன்றுகளை எடுத்தால் மாலை அறுந்துவிடும்; 1234567900987654321 என்னும் ஒத்திசைவற்ற எண் வரும். நடுவிடத்தில் கூட்டுத்தொகை பத்தாகி, மிச்சம் அடுத்த இடத்தைத் தாக்குவதே காரணம். எனவே இவ்வொழுங்கிற்கு ஒரு காரணமும் உண்டு. ஓர் எல்லையும் உண்டு. மகாவீராசாரியர் இவ்வகையில் வேறு மாலைகளையும் கோத்தார். 12345679ஐ 9ஆல் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள். 142857143ஐ 7ஆல் பெருக்கினால் 1000000001. 333333666667ஐ 33ஆல் பெருக்கினால் 11000011000011. இத்தகைய விடைகளை அரசர் கழுத்துக்கேற்ற அணி என்னும் கருத்தில் அவர் குறிப்பிடுவதும் உண்டு.

இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். வியப்பூட்டும் எண்களைக் கண்டால் அவற்றில் நற்பேறும் தீப்பேறும் தேடும் வழக்கம் நாளுக்கு நாள் பெருகி வருகிறது. எண்ணை மாற்றினால் வாழ்வு மாறும் என்று நம்பிப் பெயரையே மாற்றிக் கொள்வாரும் உளர். மகாவீராசாரியரின் மாலையில் அத்தகைய மறைபொருள் எதுவுமில்லை. அதன் அழகு முழுவதும் காரணத்தோடு கூடியது. தாளும் எழுதுகோலும் உள்ள எவரும் சோதித்து அறியக்கூடியது. அரசர் பெருக்கினாலும் வணிகர் பெருக்கினாலும் பத்து வயதுச் சிறுமி பெருக்கினாலும் விடை ஒன்றே. உள்ளதை உள்ளவாறு அறிவதே நன்ஞானம் எனக் கற்ற நாம், எண்ணையும் அவ்வாறே அறிதல் முறையன்றோ?

ஆசாரியரின் பெருமை மாலைகளோடு முடிவதில்லை. பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் எத்தனை எனக் காண்பதற்குப் பொதுவிதி தந்தவர் அவர். அறுசுவைகளை ஒன்றாகவும் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் சேர்த்தால் எத்தனை சுவைக் கலப்புகள் எனக் கேட்டு அவ்விதியை விளக்கினார். 6, 15, 20, 15, 6, 1 எனக் கூட்டினால் 63 வரும். பின்னங்களைக் கூட்டுவதற்கு மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தும் முறையை நிருத்தம் என்னும் பெயரால் கூறினார். குறை எண் எந்த எண்ணின் வர்க்கமாகவும் அமையாது. ஆதலால் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று தெளிவாக உரைத்தார். வண்டுகள், மயில்கள், யானைகள், தாமரைப் பொய்கைகள் எனக் காவியத்தில் வருவனவெல்லாம் அவர் கணக்குகளிலும் வருகின்றன.

அவர் கூறியவற்றுள் பின்னோர் ஏற்காததும் உண்டு. ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாமல் நிற்கும் என்று அவர் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அதனை ஏற்காது, அவ்வாறு வகுத்து வருவதை எல்லையற்ற அளவாகக் கொண்டார். இன்றைய கணிதமோ சுழியத்தால் வகுத்தல் என்னும் செயலுக்கே இடம் தருவதில்லை. இதனைச் சொல்வதால் ஆசாரியருக்கு இழுக்கு எதுவும் இல்லை. அவர் கற்பித்த சோதித்தறியும் நெறியை அவர் கூற்றுக்கும் பொருத்திப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ஆசாரியருக்குப் பின் அவர் நூல் தென்னாட்டில் நெடுங்காலம் பயிலப்பட்டது. பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்குச் செய்யுளில் தந்தார். கன்னட நாட்டில் உரைகளோடு ஓலைகளில் எழுதிக் காத்தனர். ஆயினும் காலப்போக்கில் வழக்குக் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் காப்பாளராகவும் இருந்தவர் எம். ரங்காசாரியார். பழைய கணித நூல்களுள் வெளியிடத்தக்கது ஏதேனும் உண்டா எனத் தேடுமாறு அக்காலத்துக் கல்வித்துறை இயக்குநர் ஸ்டூவர்ட் அவரைக் கேட்டுக்கொண்டார். தேடியபோது கணிதசாரசங்கிரகத்தின் சுவடிகள் மூன்று கிடைத்தன. மூன்றும் முழுமையற்றவை!

ரங்காசாரியார் அத்துடன் நிற்கவில்லை. மைசூரிலும் தென்கன்னட மாவட்டத்திலும் விடாது தேடச் செய்தார். மூடபித்ரிச் சமண மடத்தில் காக்கப்பட்ட ஓலைச்சுவடி பெருந்துணை புரிந்தது. சுவடிகளை ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் எழுதி, 1912இல் சென்னை அரசின் வெளியீடாக நூலைக் கொணர்ந்தார். அமெரிக்க நாட்டுக் கணித வரலாற்றறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித் அதற்கு முன்னுரை வழங்கினார். அவர் 1908இல் உரோம் நகரில் கூடிய உலகக் கணித மாநாட்டிலேயே இந்நூலைப் பற்றி எடுத்துரைத்திருந்தார். பின்னர் 1963இல் இலட்சுமி சந்திர ஜெயின் செய்த இந்தி மொழிபெயர்ப்பு சோலாப்பூரிலிருந்து வெளிவந்தது.

அந்த மடத்தில் ஓலைகளுக்கு எண்ணெய் தடவி, பூச்சி அரிக்காமல் காத்தவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்களுள் எத்தனை பேர் அவ்வோலையில் இருந்த கணக்குகளைச் செய்து பார்த்திருப்பார்களோ! ஆயினும் சாத்திரதானத்தின் அருமை உணர்ந்து காத்தார்கள். அவர்கள் சலித்து விட்டிருந்தால், முழுமையற்ற மூன்று சுவடிகளோடு ஆசாரியரின் குரல் நின்றிருக்கும்.

விழா நாளில் பெரியோர்களிடம் இரு வேண்டுகோள்களை வைக்கிறேன். வீட்டுப் பரணிலோ ஆலயப் பெட்டியிலோ பழஞ்சுவடி ஏதேனும் இருந்தால், சமய நூலாகத் தோன்றாவிடினும் அதனைக் களையாது அறிந்தாரிடம் காட்டுங்கள். பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, 27994681ஐ 441ஆல் பெருக்கச் சொல்லுங்கள். கருவி எதுவும் வேண்டாம், கையாலேயே செய்யட்டும். விடையைக் கண்டு அவர்கள் வியந்து நிற்கும்போது, அது ஏன் அவ்வாறு வந்தது என்று கேளுங்கள். விடை தேட அவர்களுக்குச் சில நாட்கள் ஆகலாம், அதுவரை பொறுத்திருங்கள்.